கொல்லைப்புறத்து அமைதி: யாருடைய தோட்டம், யாருடைய எழுத்து

‘தோட்டம்’ என்கிற சொல் தமிழில் செய்யும் காரியம் விசித்திரமானது. வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரி, ரெண்டு வாழை, ஓரமாய் ஒரு முருங்கை நின்றால் அது தோட்டம். மலையை மொட்டையடித்து, ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே செடியை நட்டு, கடல் தாண்டிக் கொண்டுவந்த மனிதர்களை லயத்தில் அடைத்து வைத்தால் அதுவும் தோட்டம்தான். இலங்கையில் மலையகத் தமிழரை இழிவுபடுத்தப் பிற தமிழர்களே எடுத்து வீசிய வசவு ‘தோட்டக்காட்டான்’. ஆங்கிலக்காரன் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்துக்கொண்டு தப்பித்தான். நமக்கு அந்த வசதி இல்லை. இளைப்பாறலும் அடிமை உழைப்பும் ஒரே சொல்லுக்குள் சுவருக்குச் சுவர் குடியிருக்கின்றன.

வீட்டுத் தோட்டம் மன அமைதி தருகிறது, படைப்பு மனத்தைத் தூண்டுகிறது என்று எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்லின் ஞாபகம் வருகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கவிதை வந்ததாம். வந்திருக்கட்டும். இந்தப் பக்கம் இயக்கத் தோழர்கள் இருக்கிறார்கள். ஊரே பத்தி எரியுது, இவரு அவரைக்குப் பந்தல் போட்டுக்கிட்டு இருக்காரு என்று என்னையே ஒருவர் கேட்டதுண்டு. இந்த இரண்டு பேரும் எதிரெதிர் அணியில் நிற்பதாகத் தோன்றினாலும் ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்: தோட்டம் சமூகத்துக்கு வெளியே இருக்கிறது என்கிற நம்பிக்கை. முதலாமவர் அதனால் அங்கே போகிறார். இரண்டாமவர் அதனால் போகக்கூடாது என்கிறார். அப்படி ஒரு வெளியே இல்லை என்பதுதான் என் வாதம். ஆனால், அதனாலேயே அங்கே கிடைக்கிற அமைதி பொய் என்று சொல்லிவிடவும் முடியாது.

தமிழ் நவீன கவிதையில் இந்த ஆசையின் மூலப்பிரதி பாரதியின் ‘காணி நிலம்’. நிலம், மாளிகை, கேணி, பத்துப் பன்னிரண்டு தென்னை, நிலவு, குயில், தென்றல், கூட ஒரு பெண், அதன்பின் கவிதை. வரிசையைக் கவனியுங்கள். கவிதை கடைசியில் வருகிறது. பொருளாதார அடித்தளம் முதலில், மேற்கட்டுமானம் பிறகு என்று பராசக்தியிடமே சொல்லிவிட்டார் மனிதர். ஒரு காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர். ‘காணி’ வெறும் அளவு மட்டுமல்ல. ‘காணியாட்சி’ என்பது தமிழகத்தின் பரம்பரை நிலவுரிமை. பின்னாளில் மிராசு என்று பேர் மாற்றிக்கொண்டது. அந்த உரிமை யார் கையில் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே சமயம், இதைச் சொல்லிப் பாரதியை மடக்கிவிட்டதாக நினைப்பதும் அற்பத்தனம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாடகை வீடுகளில் ஒண்டிக்கொண்டு அன்றாடச் சோற்றுக்கே அல்லாடிய அகதி அவர். குயில் பாட்டுக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் மாந்தோப்பும் இன்னொருவருக்குச் சொந்தமானது. தோட்டம் இல்லாதவனின் தோட்டக் கவிதை அது. நிலம் வைத்திருந்தவர்கள் யாரும் அப்படி ஒரு பாட்டுப் பாடவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

(திணைக் கோட்பாட்டை இங்கே இழுத்துவந்து, தமிழன் அன்றைக்கே பூவையும் மனத்தையும் இணைத்துவிட்டான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறிஞ்சி யாரும் பாத்தி கட்டி வளர்த்த பூ அல்ல. நான் பேசுவது மண்வெட்டி பிடிக்கிற விஷயம்.)

இன்னொரு சொல், கொல்லை. தஞ்சைப் பகுதியில் ‘கொல்லைக்குப் போறது’ என்றால் மலம் கழிக்கப் போவது. வாசல் வழியாக வர முடியாதவர்கள் எல்லாம் வந்துபோன திசை கொல்லை. அக்கிரகாரத்து எடுப்புக் கக்கூசை அள்ள வந்தவர் கொல்லைச் சந்து வழியாகத்தான் வந்தார். கிணற்றடியும் துளசியும் பவழமல்லியும் அங்கேதான், மலக்கூடையும் அங்கேதான். நம்முடைய நினைவோடை இலக்கியத்தில் பவழமல்லி எத்தனை பக்கத்துக்கு உதிர்ந்திருக்கிறது, கூடை எத்தனை இடத்தில் வருகிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தன. நினைவோடைகளில் கூடை இன்னும் வந்து சேரவில்லை.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய ‘நாட்டுப்புறமும் நகரமும்’ நூலில் இங்கிலாந்தின் பண்ணை வீட்டுக் கவிதைகளை வாசிக்கும்போது இதைத்தான் செய்கிறார். பழம் தானாகக் கைக்கு வருகிறது, மீன் தானாக வலைக்கு வருகிறது, உழைத்த ஆள் மட்டும் பிரதியில் இல்லை. இதை நாம் ஏற்கெனவே பலமுறை சொல்லியாகிவிட்டது. உழைப்பு மறைக்கப்படுகிறது என்று கண்டுபிடித்ததோடு கட்டுரையை முடித்துக்கொள்வது நம் விமர்சனத்துக்குப் பழகிப்போன சோம்பேறித்தனம். அதற்கு மேலே என்ன?

வெர்ஜீனியா வுல்பின் ‘தனக்கென ஓர் அறை’ 1929இல் வெளிவந்தது. எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும் வேண்டும் என்றார். அவருக்கு அறை மட்டுமல்ல, தோட்டமும் இருந்தது. சஸ்ஸெக்ஸின் ராட்மெல் கிராமத்தில் 1919இல் 700 பவுண்டுக்கு வாங்கிய மங்க்ஸ் ஹவுஸ். தோட்டத்தில் ஒரு மரக்குடிலில் உட்கார்ந்து எழுதினார். தோட்டத்தை உருவாக்கியவர் கணவர் லெனார்ட். கூடவே கூலிக்கு ஒரு தோட்டக்காரர். வீட்டுக்குள்ளே சமையலுக்கு ஆள். வெர்ஜீனியாவுக்கும் சமையற்காரப் பெண்மணிக்கும் வருடக்கணக்கில் நடந்த மனக்கசப்பு அவருடைய நாட்குறிப்புகளிலேயே பதிவாகி இருக்கிறது.

லெனார்ட் வுல்ப் நமக்கு அந்நியர் அல்ல. 1904இன் கடைசியில் இலங்கைக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் காலனிய நிர்வாகியாக 1911 வரை இருந்தவர். அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றின் அழிவை ‘காட்டுக்குள் ஒரு கிராமம்’ என்று 1913இல் நாவலாக எழுதினார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தும் எழுதினார். அவருடைய சுயசரிதையில் ஒரு சம்பவம். ஹிட்லரின் பேச்சு வானொலியில் வருகிறது என்று வெர்ஜீனியா வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார். ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் நட்டுக்கொண்டிருந்த லெனார்ட் வரமாட்டேன் என்கிறார். ஹிட்லர் செத்து ரொம்ப நாளான பிறகும் இந்தப் பூ பூத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் பதில். ஹிட்லர் தற்கொலை செய்து 21 ஆண்டுகள் கழித்து அதை எழுதும்போது, மரத்தடியில் சில பூக்கள் இன்னமும் இருந்தன.

இதை மேற்கோள் காட்டித் தோட்டக்கலையின் மகத்துவம் பேசுகிறவர்கள் அதிகம். நான் இதை இரண்டு முறை வாசிக்கிறேன். யூதரான லெனார்டுக்கு ஹிட்லர் என்பது செய்தி அல்ல, கழுத்துக்கு வந்த கத்தி. ஜெர்மானியர் இங்கிலாந்தில் இறங்கிவிட்டால் தற்கொலை செய்துகொள்வது என்று அந்தத் தம்பதி முடிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த நிலையில் ஐரிஸ் நடுவது தப்பித்தல் அல்ல. இது முதல் வாசிப்பு. இரண்டாவது: வெர்ஜீனியா 1941 மார்ச்சில் ஆற்றில் இறங்கி இறந்தார். அவர் எழுதிய குடில், தோட்டம் எல்லாம் இருக்கத்தான் செய்தது. தோட்டம் மருந்து என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வெர்ஜீனியாவுக்கு இன்னொரு தோட்டக் கதையும் உண்டு. ‘கியூ தோட்டம்’, 1919. பூப்பாத்தி, நத்தை, நடந்துபோகிறவர்களின் துண்டு துண்டான பேச்சு. அபாரமான கதை, சந்தேகமில்லை. ஆனால் லண்டனின் அந்தக் கியூ தோட்டம் வெறும் உலாவும் இடமா? ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எடுத்துவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் 1876இல் அங்கேதான் விதைக்கப்பட்டன. முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கும், மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் போயின. பிறகு மலாயாவில் பால்மரக் காடுகள். விடியாத இருட்டில் பால் வெட்டப் போன தமிழர்கள். கதையின் நத்தை ஊர்ந்துபோகும் பாத்திக்குப் பக்கத்தில்தான் நம் பாட்டன்மாரின் கப்பல் டிக்கட்டு கிழிக்கப்பட்டது. ஒரு தோட்டம் அமைதியாக இருக்க இன்னொரு தோட்டம் அலற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஆலிஸ் வாக்கர் வருகிறார். 1974இல் எழுதிய ‘நம் தாய்மாரின் தோட்டங்களைத் தேடி’ என்ற கட்டுரையில் வுல்பின் வாதத்தை எடுத்து, அடிமையாக வாங்கப்பட்ட கவி ஃபிலிஸ் வீட்லியின் முன்னால் வைக்கிறார். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத பெண்ணிடம் போய் அறையைப் பற்றியும் 500 பவுண்டைப் பற்றியும் என்ன பேசுவது? பிறகு தன் அம்மாவிடம் வருகிறார். ஜார்ஜியாவில் வாரத்துக்கு உழுத குடும்பம், எட்டுப் பிள்ளைகள். எந்த ஓட்டைக் குடிசையில் கொண்டுபோய் வைத்தாலும் அந்த அம்மா அங்கே பூச்செடி போட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை. மார்ச் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசி வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். வயலுக்குப் போவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி, திரும்பி வந்து இருட்டும்வரை வேலை செய்வார். முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து செடிக்கொம்பு கேட்டு வாங்கிப் போனார்களாம். எழுதவோ வரையவோ வாய்ப்பு மறுக்கப்பட்ட பெண்ணின் கலை அங்கே இருந்தது என்கிறார் வாக்கர்.

இந்தக் கட்டுரையைப் படித்த நாளில் என் அம்மாவைப் பற்றி யோசித்தேன். தோட்டம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ‘செடி கொடி’ அவ்வளவுதான். பாத்திரம் கழுவிய தண்ணி வாழைக்கு, அரிசி களைந்த தண்ணி கறிவேப்பிலைக்கு. வீடு மாறும்போதெல்லாம் தட்டுமுட்டுச் சாமானோடு ஒரு பழைய டால்டா டப்பாவில் பிரண்டைத் துண்டும் கனகாம்பரமும் வரும். அவளுக்கு அது அமைதி தந்ததா என்று தெரியாது, கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் ‘வேற வேல இல்லயா ஒனக்கு’ என்றிருப்பாள். அந்த மண்ணில் கதை பொறுக்கியவன் நான், ஆண்பிள்ளை. ஆண் எழுத்தாளனின் தோட்டத்து உத்வேகத்துக்குப் பின்னால் வாளி தூக்கிய பெண்கள் எத்தனை பேர் என்கிற கணக்கும் பாக்கி நிற்கிறது.

வாக்கரிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒடுக்கப்பட்டவரின் பூச்செடியை ‘கலை’ என்று உயர்த்திச் சொல்வது எளிதில் வறுமையை அலங்கரிப்பதாக முடியலாம். குடிசையில் பூ பூத்தால் குடிசை பரவாயில்லை என்று மத்தியதர வாசகன் நிம்மதியடைந்துவிடுவான். வாக்கர் அந்தக் குழியில் விழவில்லை. அந்த அம்மாவின் நாளில் எது அவருடைய நேரம், எது நிலக்காரனின் நேரம் என்பதை அவர் மறப்பதில்லை. அவரைப் பின்பற்றி எழுதுகிறவர்களைப் பற்றித்தான் என் பயம்.

அந்த நேரக் கணக்கைக் கோட்பாடாக்கியவர் சில்வியா விண்டர். ஜமைக்காவைச் சேர்ந்த இவர் 1971இல் நாவலையும் வரலாற்றையும் இணைத்து எழுதிய கட்டுரை நம்மிடையே அதிகம் பேசப்படாதது வருத்தமானது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்குச் சோறு போடும் செலவை மிச்சம் பிடிக்கச் சிறு துண்டு நிலம் ஒதுக்கினார்கள்; உங்கள் சாப்பாட்டை நீங்களே விளைத்துக்கொள்ளுங்கள் என்று. முதலாளிக்கு லாபமான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் துண்டில் வள்ளிக்கிழங்கு நட்டபோது பரிவர்த்தனை மதிப்புக்குக் கட்டுப்படாத ஒரு வாழ்க்கையும் அங்கே வேர்விட்டது. பாட்டு, சடங்கு, மண்ணோடு உறவு, செத்தவரைப் புதைப்பது. ஆதிக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே எதிர்ப்பின் பண்பாடு. பெருந்தோட்டத்துக்கும் துண்டு நிலத்துக்கும் இடையிலான இந்த இழுபறிதான் கரீபிய நாவலின் அடியில் ஓடுகிறது என்கிறார் விண்டர்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மலையகத்தைப் பாருங்கள். 1869இல் இலைத்துரு நோய் காப்பியை அழிக்கத் தொடங்கியது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. லயத்து அறைக்குப் பின்னாலோ பக்கத்திலோ கையகல மண்ணில் கீரையும் பீன்ஸும் போட்டுக்கொண்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களை நாடற்றவர்களாக்கியபோது, மூன்று தலைமுறையாக அவர்கள் கொத்திய அந்த மண் யாருடையது? சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்திலும் மலையகச் சிறுகதைகளிலும் தேயிலைச் செடியை வாசித்த அளவுக்கு அந்தக் கையகல மண்ணை நாம் வாசித்திருக்கிறோமா? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், அதில் வரும் தோட்டத்தைச் சுரண்டலின் களமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். இடதுசாரி விமர்சனம் துன்பத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. துன்பத்துக்கு நடுவில் ஜனங்கள் எதை நட்டார்கள் என்று பார்ப்பதில் அதற்குப் பொறுமை இல்லை.

சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். நான் இருக்கும் வாடகை வீட்டின் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி மண் இருக்கிறது. அவரைப் பந்தல், ஒரு முருங்கை, கீரைப் பாத்தி. அங்கே நான் காண்பது கவிஞர்கள் சொல்கிற சாந்தி இல்லை. அவரையில் அசுவினி, பப்பாளியில் மாவுப்பூச்சி, மழை பிடித்தால் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. பாதி நாள் கொலைத் தொழில்தான். வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் மனசு லேசாகிறது என்பது உண்மை. ஏன் லேசாகிறது? இயற்கையோடு ஒன்றிவிட்டதால் அல்ல. அங்கே மேலதிகாரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. தொடங்கின வேலையின் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. முடிவில் வருகிற கீரையை நானே தின்கிறேன். மார்க்ஸ் அந்நியமாதல் என்று சொன்னாரே, அது ஒரு மணி நேரம் விடுப்பில் போகிறது. எழுத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறதென்றால் இந்த இடத்தில்தான். பத்து நாளில் ஒருநாள் ஒரு வாக்கியம் கிடைக்கும். மீதி ஒன்பது நாளும் கம்பளிப்பூச்சிதான். போன வருஷம் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘இதை சிமெண்ட் போட்ரலாம் சார், பைக் நிறுத்தலாம்’ என்றார். பாதி போட்டும் விட்டார். மண் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியை விட்டுவிட்டு அமைதியைப் பற்றி எழுதமுடியாது என்று எனக்குப் புரியவைத்ததில் வில்லியம்ஸுக்கு இருக்கிற பங்கு அவருக்கும் உண்டு.

பூக்கோ 1967இல் ஆற்றிய உரையொன்றில் தோட்டத்தை ‘மாற்று வெளி’களில் மிகப் பழையதாகச் சொல்கிறார். பாரசீகத் தோட்டம் உலகத்தையே நாலு மூலைக்குள் அடக்கப் பார்த்தது என்பார். நாலு மூலை என்றால் சுவர் உண்டு. சுவரே இல்லாத ஒரு தோட்டம் உண்டு, அதை நினைக்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டெரெக் ஜார்மன், ஆங்கிலத் திரைப்பட இயக்குநர். 1986 டிசம்பரில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, அதை ஒளிக்காமல் வெளியில் சொன்னார். கென்ட் கடற்கரையில் டஞ்சனஸ் என்ற இடத்தில் ஒரு மீனவர் குடிலை வாங்கிக் குடியேறினார். கூழாங்கல் பரப்பு, உப்புக் காற்று, எதிரே அணுமின் நிலையம். வேலி கிடையாது, தோட்டம் எங்கே முடிகிறது, கடற்கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கரை ஒதுங்கிய மரக்கட்டை, துருப்பிடித்த சங்கிலி, ஓட்டைக் கல், இடையிடையே தானாக முளைக்கும் கடற்கரைக் கோசு. 1989, 90ஆம் ஆண்டுகளின் நாட்குறிப்பை ‘நவீன இயற்கை’ என்று 1991இல் வெளியிட்டார். ஒரு பத்தியில் செடியின் பெயர், அடுத்த பத்தியில் செத்துப்போன நண்பனின் பெயர். ஒருபால் உறவை ‘ஊக்குவிப்பதை’ உள்ளாட்சிகளுக்குத் தடைசெய்த 1988ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவின் மேல் கோபம், மறுபடி செடி. 1994 பிப்ரவரியில் 52 வயதில் இறந்தார். தோட்டமா போராட்டமா என்று கேட்கும் தோழர்கள் இந்த நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். அதில் ‘அல்லது’ கிடையாது. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் மீனவக் கிராமங்களை அறிந்த நமக்கு அந்த நிலக்காட்சி புதிதுமல்ல.

ஜமைக்கா கின்கெய்டை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ஆன்டிகுவாவில் பிறந்து அமெரிக்காவில் வெர்மான்டில் தோட்டம் போட்ட இந்தப் பெண்மணி 1999இல் எழுதிய தோட்டப் புத்தகம் முழுக்க எரிச்சல்தான். மெக்சிகோக்காரர்களின் பூவுக்கு ஒரு சுவீடன்காரரின் பெயரை வைத்து ‘டாலியா’ ஆக்கினார்களே என்ற எரிச்சல். அடிமைகளுக்கு மலிவுச் சாப்பாடாக 1793இல் கப்பலில் கொண்டுவந்த ஈரப்பலாவைக் கரீபியக் குழந்தைகள் இன்னும் வெறுக்கிறார்கள் என்ற எரிச்சல். இருந்தும் செடி வாங்கித் தள்ளுகிறார். நம் வீட்டு மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, காம்பவுண்டுச் சுவரில் தொங்குகிற காகிதப்பூ எல்லாமே அதே கப்பல்களில் வந்தவைதான். மண்ணின் மரபு என்று மார்தட்டுகிற நம் ‘பாரம்பரியத் தோட்ட’ ஆர்வலர்களுக்கு இவரை யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் நல்லது.

தமிழகத்தில் தோட்டம் என்ற கேள்வி கடைசியில் மனைப்பட்டா என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாரருடையதாக இருந்தவரை, அங்கே ஒரு தென்னம்பிள்ளை வைப்பதே வம்பு, மரம் யாருக்கு? வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, 1971இல்தான் குடியிருப்புகளை உழைப்பவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூடு, ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் பலி. மரம் வைக்க மண் கேட்பதற்கு இந்த நாட்டில் கொடுத்த விலை இது. இன்னொரு பக்கம் மாடித்தோட்டம் ஒரு சந்தையாகிவிட்டது. தென்னை நார்க் கழிவு செங்கல் வடிவில் விற்கிறது, மண்ணையே பையில் அடைத்து விற்கிறார்கள். மன அமைதிக்கு வழிகாட்டி இலவசம்.

சென்னையில் கூவம் கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் போட்டார்களே, அங்கே ஒருமுறை நண்பர்களோடு போயிருந்தேன். தரையில்லாத வாழ்க்கை. ஏழாவது மாடி நடைபாதையில் ஒரு பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி, உடைந்த குடத்தில் கனகாம்பரம், எண்ணெய் டப்பாவில் கற்றாழை. மண் எங்கேருந்தும்மா என்று கேட்டேன். பழைய வீட்டை இடிக்க வந்த அன்றைக்கே இரண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்ததாகச் சொன்னார் அந்த அம்மா. லாரியில் அதுக்கு இடமில்லைன்னானாம் ஒருத்தன். ‘நான் மடியில வச்சுக்கிட்டு வந்தேன், அவன் என்ன கேக்குறது’ என்றார். பேசிக்கொண்டே ஒரு கற்பூரவல்லிக் கொம்பை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, ‘சளிக்கு நல்லது, வச்சுக்க தம்பி’ என்று என் கையில் கொடுத்தார்.